ஒரே நாளில் ஊறவைத்த இரண்டு ஜாடி வெள்ளரி: ஒன்று தேறியது, ஒன்று குழைந்தது

பின்னணி

இந்த நிகழ்வில் வருபவர்கள் ஒரே வீட்டில் வசிக்கும் அக்காவும் தம்பியும். அக்காவுக்கு ஊறுகாய் போடுவது கைவந்த கலை. ஆனால் வெள்ளரியை அவர் இதுவரை வினிகரில் போட்டுத்தான் பழகியிருந்தார். தம்பிக்கோ சதகுப்பை வாசம் தூக்கலாக இருக்கும், உப்புநீரிலேயே புளிக்கவைத்த வெள்ளரி மீதுதான் நாட்டம். அந்த முறை இருவருக்குமே புதிது. அவர்கள் நாள்வாரியாக எழுதிவந்த குறிப்பேட்டையும், ஜாடிகளை நான் நேரில் பார்த்ததையும், இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டதையும் வைத்து இதை எழுதுகிறேன்.

இரண்டு முறைகளுக்கும் உள்ள வேறுபாட்டை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் நடந்த வாக்குவாதம் முழுவதும் அதைச் சுற்றித்தான் நடந்தது. வினிகர் முறையில் புளிப்பு வெளியிலிருந்து வருகிறது. ஊற்றிய வேளையிலிருந்தே காய் அமிலத்துக்குள் இருக்கிறது. உப்புநீர் முறையில் முதல் நாள் ஜாடிக்குள் புளிப்பே கிடையாது. காயின் தோலில் ஒட்டிக்கொண்டு வரும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள், காயிலிருந்து கசியும் சர்க்கரையை உண்டு அமிலத்தை உண்டாக்க வேண்டும். தொடக்கத்தில் லூக்கோநாஸ்டாக் போன்ற வகைகள் வேலையை ஆரம்பிக்கும். புளிப்பு ஏற ஏற, அதைத் தாங்கக்கூடிய பிளாண்டாரம் வகை மேலோங்கும். அந்த அமிலம் போதுமான அளவு சேரும்வரை காயைக் காத்து நிற்பது உப்பு. முதல் சில நாட்களுக்கு வேறு காவல் எதுவும் இல்லை.

ஜாடி நிரப்பிய நாள்

விரல் நீளத்துக்கு மேற்படாத, தோலில் சிறு முட்கள் கொண்ட பிஞ்சுகளாகப் பார்த்து வாங்கினார்கள். மெழுகு பூசாத காயா என்று கேட்டு வாங்கியது நல்ல முடிவு. மெழுகுத் தோலில் உப்புநீர் சரியாக இறங்காது. கழுவும்போது சில காய்கள் தண்ணீரில் மிதந்தன. உள்ளே கூடு விழுந்த காய்தான் மிதக்கும் என்று அக்கா அவற்றை எடுத்து, அன்றைய சாப்பாட்டுக்கு நறுக்கிவிட்டார். அதுவும் சரிதான். அப்படிப்பட்ட காய் புளிக்கும்போது வாயு சேர்ந்து இன்னும் பெரிதாகக் கூடு விட்டுப் போகும்.

இரண்டரை லிட்டர் கண்ணாடி ஜாடிகள் இரண்டை எடுத்து, ஜாடிக்கு ஏறத்தாழ 1 கிலோ காய் என்று நெட்டுக்குத்தாக அடுக்கினார்கள். அடியிலும் நடுவிலும் சதகுப்பைப் பூங்கொத்துகள். அதோடு சதகுப்பை விதை, உரித்த பூண்டுப் பற்கள், கடுகு, மிளகு. குழாய் நீரின் குளோரின் போகட்டும் என்று தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்திருந்தார்கள். ஜாடிக்கு 1 லிட்டர். காய்கள் முழுசாகத் தெரிய வேண்டும் என்று எந்த முனையையும் வெட்டவில்லை. மேலே ஒரு சிறு தட்டைக் கவிழ்த்து அழுத்தி, துணியால் மூடினார்கள்.

உப்பு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். தம்பி வைத்திருந்த செய்முறையில் லிட்டருக்கு 3 மேசைக்கரண்டி உப்பு என்று இருந்தது. முதல் ஜாடிக்குத் தூள் உப்பு போட்டார்கள். அதோடு அந்தப் பொட்டலம் தீர்ந்துவிட்டது. இரண்டாவது ஜாடிக்கு, செதில் செதிலாகப் பருமனாக இருக்கும் வேறொரு உப்பைப் பிரித்தார்கள். கரண்டி அதே கரண்டி, கணக்கும் அதே மூன்று. குறிப்பேட்டில் இரண்டு ஜாடிகளுக்கும் சேர்த்து ஒரே வரிதான் இருக்கிறது: "உப்பு 3 கரண்டி."

முதல் ஜாடி அலமாரியின் கீழ்த்தட்டுக்குப் போனது. இரண்டாவதற்கு அங்கே இடம் போதவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் மேடையிலேயே வைத்துவிட்டார்கள். இனி இவற்றை அலமாரி ஜாடி, மேடை ஜாடி என்றே குறிப்பிடுகிறேன்.

முதல் வாரம்

மேடை ஜாடியில் மறுநாள் மாலையே குமிழிகள் எழத் தொடங்கின. அலமாரி ஜாடி மூன்றாம் நாள்தான் விழித்தது. மேடை ஜாடி முந்திக்கொண்டதில் தம்பிக்கு மகிழ்ச்சி. "இது நன்றாக வருகிறது" என்று குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடும் இட்டிருக்கிறார். குமிழியின் வேகம் சூட்டின் அளவைக் காட்டுமே தவிர, எந்த நுண்ணுயிர் வேலை செய்கிறது என்பதைக் காட்டாது. புளிப்பு தரும் பாக்டீரியாவும் வாயு விடும், கெடுக்கும் பாக்டீரியாவும் வாயு விடும், ஈஸ்ட்டும் விடும்.

நான்காம் நாள் மேடை ஜாடி பொங்கி, ஒரு கோப்பை அளவுக்கு உப்புநீர் வெளியே வழிந்தது. மேலே இருந்த காய் ஒன்று நீர்மட்டத்துக்கு மேல் எட்டிப் பார்த்தது. காய் வெளியே தெரியக் கூடாது என்பது தம்பிக்குத் தெரியும். ஆகவே குறைந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி நிரப்பினார். இது குறிப்பேட்டில் இல்லை. பின்னால் காரணம் தேடிக் கேட்டபோதுதான் வெளியே வந்தது. அவரைப் பொறுத்தவரை அது குறித்துவைக்க வேண்டிய காரியமாகவே படவில்லை.

அதே வாரத்தில் இரண்டு ஜாடிகளிலும் மூன்று மாற்றங்கள் தெரிந்தன. உப்புநீர் கலங்கியது. காயின் பளிச்சென்ற பச்சை மங்கி, மஞ்சள் கலந்த பழுப்புப் பச்சைக்கு மாறியது. அலமாரி ஜாடியில் பூண்டுப் பற்கள் சில நீலப் பச்சையாயின. அக்கா பயந்தது இந்த மூன்றாவதைப் பார்த்துத்தான்.

"பூண்டு நீலமாகிவிட்டது. இரண்டையும் கொட்டிவிடலாம்" என்றார் அவர்.

"கொஞ்சம் பொறு அக்கா, விசாரித்துவிட்டுக் கொட்டலாம்" என்றார் தம்பி. விசாரித்தது என்னிடம்.

மூன்றுமே எதிர்பார்க்க வேண்டிய மாற்றங்கள். கலங்கல் என்பது பெருகிய பாக்டீரியாக்களே. நாளடைவில் அவை அடியில் வெள்ளை வண்டலாகப் படியும். நிறம் மங்குவது, அமிலம் பட்டுப் பச்சையத்திலிருந்து மக்னீசியம் கழன்றுபோவதால் நிகழ்வது. பூண்டின் கந்தகச் சேர்மங்கள் அமிலச் சூழலில் அமினோ அமிலங்களோடு வினைபுரிந்து நீல, பச்சை நிறமிகளைத் தரும். அதனால் கெடுதல் இல்லை. வினிகரில் போட்ட வெள்ளரி தெளிந்த நீரில் கிடப்பதையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, புளித்த வெள்ளரியின் முதல் வாரம் கெட்டுப்போனதாகத்தான் தெரியும்.

இரண்டு ஜாடிகளையும் அப்படியே விடுவது என்று முடிவாயிற்று. அந்த நேரத்தில் கையில் இருந்த தகவலுக்கு அது சரியான முடிவு. ஆனால் பூண்டைப் பற்றிய கவலையில், இரண்டு ஜாடிகளும் ஒன்றுக்கொன்று எப்படி வேறுபடுகின்றன என்று யாரும் கேட்கவில்லை.

ஏடும் குழைவும்

ஆறாம் நாள் மேடை ஜாடியின் மேற்பரப்பில் வெள்ளை ஏடு படிந்தது. மெலிதாக, தட்டையாக, அங்கங்கே சுருக்கம் விழுந்து, ஆறிய பாலின் ஆடையைப் போல இருந்தது. மயிர் போன்ற இழைகளோ பச்சை, கறுப்பு நிறமோ இல்லை. ஆகவே அது பூஞ்சணம் அல்ல, ஏடு படியும் ஈஸ்ட் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த அடையாளம் சரி. கரண்டியால் வழித்து எடுத்தார்கள். அடுத்த நாளே மீண்டும் படிந்தது.

இந்த ஈஸ்ட் தானாக நஞ்சு தருவதில்லை. ஆனால் காற்றுப் படும் மேற்பரப்பில் இருந்துகொண்டு லாக்டிக் அமிலத்தையே உண்டு வளர்கிறது. வழிக்காமல் விட்டால் புளிப்பு குறைந்து, கெடுக்கும் உயிரிகளுக்கு வழி திறக்கும். வழித்தபின்னும் விடாமல் வருகிறது என்றால் அடியில் புளிப்பு சரியாக ஏறவில்லையோ என்று சந்தேகப்பட வேண்டும்.

ஒன்பதாம் நாள் நான் போய்ப் பார்த்தபோது இரண்டு ஜாடிகளையும் மேசையில் வைத்துத் திறந்தோம். அலமாரி ஜாடியில் சதகுப்பையும் பூண்டும் கலந்த, மூக்கில் ஏறும் புளிப்பு வாசம். எடுத்த காயை வளைத்தால் வளையவில்லை, ஒடிந்தது. வெட்டிய பரப்பில் ஓரம் கண்ணாடி போல் ஒளி ஊடுருவியும் நடுவில் இன்னும் வெளுப்பாகவும் இருந்தது. அதாவது ஊறல் பாதி வழியில் இருந்தது. மேடை ஜாடியில் பழைய முட்டைக்கோஸ் வாடை. மேல்வரிசைக் காயைக் கட்டைவிரலால் அழுத்தியபோது தோல் சதையை விட்டு வழுகி நகர்ந்தது. விரலில் ஒரு கொழகொழப்பு ஒட்டியது. கரண்டியால் உப்புநீரை மொண்டு சாய்த்தால் கடைசிச் சொட்டு இழையாக நீண்டது. அடிவரிசைக் காய்கள் அத்தனை மோசமில்லை. ஆனால் அவற்றிலும் காம்புக்கு எதிர்ப்பக்கமான பூ முனை மட்டும் மெத்தென்று இருந்தது.

தம்பி, புளிப்பின் அளவை நிறத்தால் காட்டும் பிஎச் தாள் வாங்கி வைத்திருந்தார். அதில் எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். அலமாரி ஜாடி 3.6ஐ ஒட்டிக் காட்டியது. மேடை ஜாடி 4.2க்கும் 4.5க்கும் இடையில் எங்கோ. தாளின் நிறத்தை இருவரும் இருவிதமாகப் படித்தார்கள்.

முன்னால் இருந்த மூன்று வழிகள்

தம்பியின் முதல் யோசனை உப்பைக் கூட்டுவது. அக்காவின் யோசனை, உப்புநீரைக் கொட்டிவிட்டுக் காய்களை வினிகரில் ஒரு கொதி விட்டுப் பத்திரப்படுத்துவது. வினிகரோடு பழகியவருக்கு அது இயல்பாகத் தோன்றியதில் வியப்பில்லை. இரண்டுக்கும் ஒரே மறுப்புதான் என்னிடம் இருந்தது. காயைத் திடமாக வைத்திருப்பது அதன் செல்சுவர்களைப் பிணைக்கும் பெக்டின். நொதிகள் அதை ஒருமுறை உடைத்துவிட்டால் உப்போ வினிகரோ அதைத் திரும்பக் கட்டாது. கால்சியம் குளோரைடு கூடத் தொடக்கத்திலேயே போட்டால் பெக்டினை இறுக்கிப் பிடிக்க உதவுமே தவிர, குழைந்த காயை எழுப்பி நிறுத்தாது.

அடுத்து தம்பி எழுப்பிய கேள்வி கூர்மையானது. உணவு நஞ்சாகி உயிருக்கே ஆபத்தாகும் பொட்டுலிசம் நோயை உண்டாக்கும் க்ளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியா பிஎச் 4.6க்குக் கீழே வளராது என்று அவர் படித்திருந்தார். "4.6க்குக் கீழேதானே இருக்கிறது? அடிவரிசைக் காயையாவது வைத்துக்கொள்ளலாமே" என்றார்.

அந்த எண் சரி. அதை இந்த ஜாடிக்குப் பொருத்தியதுதான் சரியில்லை. முதலாவது, நிறம் பார்த்துப் படிக்கும் தாளில் 4.2ம் 4.5ம் அடுத்தடுத்த சாயல்கள். எல்லைக்கு அவ்வளவு பக்கத்தில் நின்றுகொண்டு அந்தத் தாளை நம்ப முடியாது. இரண்டாவது, புளிப்பை உண்ணும் ஏடு மேலே இருக்கிறது. இன்றைய அளவு நாளைக்கும் நிற்கும் என்பதற்கு உறுதியில்லை. மூன்றாவதுதான் முக்கியம். ஒன்பது நாளில் அலமாரி ஜாடி 3.6க்கு இறங்கியிருக்க, சூட்டில் இருந்த மேடை ஜாடி அதற்கு முன்பே இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால், வேலை செய்ய வேண்டியவை அங்கே வேலை செய்யவில்லை. அமெரிக்க வேளாண்மைத் துறையின் வழிகாட்டுதலில் இதற்கு நெளிவுசுளிவே இல்லை: காய் குழைந்தாலோ, கொழகொழத்தாலோ, வேண்டாத வாடை வந்தாலோ கொட்டிவிட வேண்டும். மேடை ஜாடியில் மூன்றும் இருந்தன.

கொட்டுவது என்று முடிவெடுத்தவர் அக்கா. தம்பி அரை மனதோடு ஒப்புக்கொண்டார். சுவை பார்க்கலாமே என்றதற்கும் அக்கா இடம் கொடுக்கவில்லை. கெட்டதா என்று நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் சமையலறையில் எல்லாருக்கும் உண்டு. இப்படிப்பட்ட ஜாடியில் அதைத் தவிர்த்தது நல்லது. ஜாடியைச் சோப்பு போட்டுக் கழுவி, வெந்நீரில் அலசிக் கவிழ்த்தார்கள். அலமாரி ஜாடி திரும்ப உள்ளே போனது.

காரணம் தேடியபோது

"ஒரே உப்பு, ஒரே காய், ஒரே நாள்" என்று இருவரும் சொல்லிக்கொண்டிருந்ததில் முதல் பாதி தவறு என்பது சமையலறைத் தராசைக் கொண்டுவந்ததும் தெரிந்தது. அதே மேசைக்கரண்டியில் தூள் உப்பைத் தலைதட்டி எடுத்தால் 18 கிராம். செதில் உப்பை அதே போல் எடுத்தால் 10 கிராம். செதில்களுக்கு நடுவே காற்றுதான் மிச்சம். ஆக அலமாரி ஜாடிக்கு 54 கிராம் உப்பு போயிருக்கிறது, மேடை ஜாடிக்கு 30 கிராம்.

உப்புநீராகப் பார்த்தால் முதலாவது 5 சதவீதத்துக்குச் சற்று மேல், இரண்டாவது 3 சதவீதத்துக்குச் சற்றுக் கீழ். 3 சதவீதம் அவ்வளவு மோசமா என்று தம்பி கேட்டார். ஊற்றுகிற நீரின் கணக்கோடு நின்றுவிடுவது பலரும் செய்வது. வெள்ளரியில் 95 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். சில நாட்களில் உப்பு காய்க்குள் இறங்கும், காயின் நீர் வெளியே வரும், இரண்டும் சமநிலைக்கு வரும். 1 கிலோ காயும் 1 லிட்டர் உப்புநீரும் இருந்தால் 5 சதவீதம் என்பது கடைசியில் 2.6 சதவீதமாகிறது, 3 சதவீதம் என்பது 1.5 சதவீதமாகிறது. மேடை ஜாடியிலிருந்து வழிந்த உப்புநீர், அதற்குப் பதில் ஊற்றிய வெறும் தண்ணீர் இரண்டையும் சேர்த்தால் 1.3ஐ ஒட்டி நின்றிருக்கும். அலமாரி ஜாடியில் பாதி. அவ்வளவு குறைந்த உப்பில், கெடுக்கும் பாக்டீரியாக்களும் புளிப்பு பாக்டீரியாக்களும் ஏறத்தாழ சம வாய்ப்போடு ஓட்டத்தைத் தொடங்குகின்றன. பெக்டினைக் கரைக்கும் நொதிகளின் வேகத்தை மட்டுப்படுத்துவதும் உப்புதான்.

இரண்டாவது காரணம் சூடு. அறை வெப்பமானியை இரண்டு இடத்திலும் வைத்துப் பார்த்தார்கள். அலமாரியில் 22 டிகிரி செல்சியஸ். மேடையில், அடுப்பு எரியும் நேரத்தில் 30ஐத் தாண்டியது. மேற்சொன்ன வழிகாட்டுதல் 21 முதல் 24 டிகிரியில் மூன்று, நான்கு வாரம் ஊறவிடச் சொல்கிறது. 13 முதல் 18 டிகிரி என்றாலும் பரவாயில்லை, ஐந்தாறு வாரமாகும். 27க்கு மேல் போனால் காய் மிகவும் மெத்தென்று ஆகிவிடும் என்று எச்சரிக்கிறது.

மூன்றாவது, வெட்டாமல் விட்ட பூ முனை. வாடிய பூவோடு வரும் பூஞ்சைகள் பெக்டினைக் கரைக்கும் நொதிகளை அங்கே விட்டுவைக்கின்றன. அதனால்தான் அந்த முனையில் 2 மில்லிமீட்டர் அளவுக்காவது சீவி எறியச் சொல்கிறார்கள். அடிவரிசைக் காய்களில் அந்த முனை மட்டும் குழைந்திருந்தது இதோடு ஒத்துப்போகிறது. ஆனால் அலமாரி ஜாடியிலும் முனைகளை வெட்டவில்லை, அங்கே குழையவில்லை.

என் கணிப்பில் உப்புக் குறைவுதான் அடிப்படை; சூடு அதை விரைவுபடுத்தியது; வெறும் தண்ணீர் ஊற்றியது மேலும் கெடுத்தது. பூ முனை தனித்துக் கெடுத்திருக்காது, மற்றவை கதவைத் திறந்துவிட்டபின் உள்ளே வந்திருக்கும். உப்பும் இடமும் சேர்ந்தே மாறியிருப்பதால், இந்த இரண்டு ஜாடிகளை மட்டும் வைத்து எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

இரண்டாம் சுற்று

அக்காவுக்குக் காரணத்தைப் பிரித்தறிவதில் ஆர்வம் இல்லை. அவருக்கு வேண்டியது நறுக்கென்று கடிபடும் காய். ஆகவே எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திருத்திவிடலாம் என்றார். தம்பிக்குப் பூ முனை விஷயத்தையாவது பார்த்துவிட வேண்டும் என்ற பிடிவாதம். இருவருக்கும் ஒத்துவந்த ஏற்பாடு இது: மீண்டும் இரண்டு ஜாடி, இரண்டுக்கும் தராசில் நிறுத்த 55 கிராம் உப்பு, இரண்டும் அலமாரியின் கீழ்த்தட்டில் அருகருகே, ஒன்றில் பூ முனை சீவிய காய், மற்றதில் சீவாதது. அலமாரியில் இடம் செய்ய அங்கிருந்த டப்பாக்கள் மேடைக்கு ஏறின. இதை முதல் தடவையே செய்திருக்கலாம் என்று தம்பி முணுமுணுத்ததாகக் கேள்வி.

காம்பு முனை, பூ முனை இரண்டையும் பிரித்தறிவதில் முதலில் தடுமாற்றம் இருந்தது. காம்பு விட்ட இடத்தில் வட்டமான வெட்டுத் தழும்பு இருக்கும். பூ முனையில் சிறு சொரசொரப்பான புள்ளியும், சில நேரம் காய்ந்த பூவின் மிச்சமும் ஒட்டியிருக்கும். சந்தேகமாக இருந்தவற்றில் இரண்டு பக்கமும் சீவிவிட்டார்கள்.

காயை மேலிருந்து அழுத்தும் எடையைப் பொறுத்தவரை இன்னொரு திருத்தமும் செய்தார்கள். கவிழ்த்த தட்டு முன்பு ஒருபக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பதில், உணவுக்கு உகந்த தடித்த பிளாஸ்டிக் பையில் திரவம் நிரப்பிக் கட்டி மேலே வைத்தார்கள். அது ஜாடியின் வாயை ஓரம்வரை நிறைத்து, காற்றுப் படும் இடத்தையும் குறைத்துவிடும். பைக்குள் ஊற்றியது தண்ணீர் அல்ல, அதே 5 சதவீத உப்புநீர். பை ஒழுகினாலும் ஜாடிக்குள் உப்பு குறையாது. வழிந்தால் நிரப்புவதற்கென்று அரை லிட்டர் உப்புநீரைத் தனியே ஒரு புட்டியில் எடுத்துவைத்தார்கள். முதல் சுற்றில் நேர்ந்ததற்கு நேரான மருந்து இதுதான்.

திராட்சை இலை போடலாமா என்ற பேச்சும் வந்தது. அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள், குழைக்கும் நொதிகளைத் தடுக்கும் என்பதால் பலர் போடுவார்கள். பூ முனையைச் சீவிவிட்டால் அதற்குத் தேவை குறைவு. ஒப்பிட்டுப் பார்க்கும் நேரத்தில் இன்னொன்றைச் சேர்த்தால் குழப்பம் என்று விட்டுவிட்டார்கள்.

விளைவு

அலமாரியில் நீடித்த முதல் சுற்று ஜாடி, மூன்றாம் வாரக் கடைசியில் நல்ல ஊறுகாயாக முடிந்தது. வெட்டினால் நடுவிலும் வெளுப்பு இல்லை. முழுவதும் ஒரே ஒளிபுகும் பச்சை. குமிழி நின்றிருந்தது, வண்டல் அடியில் படிந்து மேல்நீர் தெளியத் தொடங்கியிருந்தது. பிஎச் தாள் 3.4ஐ ஒட்டியது. ஒன்றிரண்டு காய்களுக்குள் கூடு விழுந்திருந்தது. மிதந்தவற்றை ஒதுக்கியபின்னும் தப்பி வந்தவை. தின்பதற்குத் தடை இல்லை.

இரண்டாம் சுற்றில் இரண்டு ஜாடிகளுமே தேறின. பொங்கல் மிதமாக இருந்தது. ஒருமுறை நிரப்ப வேண்டி வந்தபோது புட்டியிலிருந்த உப்புநீரை ஊற்றினார்கள். ஏடு ஒரு ஜாடியில் மெலிதாக வந்து, வழித்தபின் மீளவில்லை. பூ முனை சீவாத ஜாடியில், அந்த முனைக்குப் பக்கத்தில் மட்டும் கடிக்கும்போது நறுக்கென்ற ஒலி குறைந்தது. எது எந்த ஜாடி என்று சொல்லாமல் வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கொடுத்துக் கேட்டார்கள். பெரும்பாலோர் சீவிய காயையே தேர்ந்தார்கள். சிலருக்கு வேறுபாடே தெரியவில்லை. உப்பும் இடமும் சரியாக இருந்தால் பூ முனை ஊறுகாயைக் கெடுத்துவிடாது, ஆனால் தரத்தில் சற்றுக் குறைக்கும் என்ற அளவுக்கு இதிலிருந்து சொல்லலாம். கத்தியோடு சில நிமிடம் உட்கார்ந்தால் முடிகிற வேலை என்பதால், சீவுவதற்கே என் வாக்கு.

முதல் சுற்றில் கொட்டிய காயைப் பற்றித் தம்பிக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு. அடிவரிசை நன்றாகத்தான் இருந்தது என்பார். அக்கா பதில் சொல்வதில்லை.

இனி மாற்றிச் செய்பவை

கரண்டிக் கணக்கு அவர்கள் குறிப்பேட்டிலிருந்து மறைந்துவிட்டது. உப்பு, காய், தண்ணீர் மூன்றையும் கிராமில் எழுதுகிறார்கள். எந்த உப்பு என்பதையும் எழுதுகிறார்கள். கட்டி சேராமல் இருக்கச் சேர்மம் கலந்த மேசை உப்பு நீரைக் கூடுதலாகக் கலங்கவைக்கும் என்பதால், கலப்பில்லாத உப்பாகப் பார்த்து வாங்குகிறார்கள். நாள் குறிப்பில் முன்பு "குமிழி வந்தது" என்று மட்டும் இருக்கும். இப்போது ஜாடி இருக்கும் இடம், அங்குள்ள சூடு, வழிந்ததா, என்ன ஊற்றி நிரப்பினோம் என்பவையும் இருக்கின்றன. பிஎச் தாளை ஒரே ஒருமுறை கடைசியில் பார்ப்பதை விட்டு, முதல் வாரத்தில் சில தடவை பார்க்கிறார்கள். இறங்கிக்கொண்டே வருகிறதா என்பது, ஒரு நாள் என்ன காட்டியது என்பதைவிட அதிகம் சொல்கிறது.

அடுத்த சுற்றில் லிட்டருக்கு 2 மேசைக்கரண்டி வினிகரைத் தொடக்கத்திலேயே சேர்ப்பது என்று அக்கா முடிவு செய்திருக்கிறார். புளிக்கவைக்கும் முறையிலும் சிறிது வினிகர் சேர்க்கச் சொல்லும் செய்முறைகள் உண்டு. பாக்டீரியாவின் அமிலம் சேரும் முன்பே ஒரு துணை கிடைக்கும். இதற்குக் கரண்டி அளவு போதும், திரவத்தில் செதிலும் தூளும் கிடையாது. சுவை மாறிவிடும் என்பது தம்பியின் எதிர்ப்பு. ஒரு ஜாடி அப்படி, ஒரு ஜாடி இப்படி என்று உடன்பாடு.

தீராமல் இருப்பது வைப்பு பற்றிய கேள்வி. புளிப்பு முடிந்த ஊறுகாயைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மேலே ஏடு வந்தால் நீக்கிவந்தால் 4 முதல் 6 மாதம் தாங்கும். அதற்கு மேல் அலமாரியில் வைக்க வேண்டும் என்றால் புட்டியில் அடைத்துச் சூடாக்க வேண்டும். கொதிநீரில் வைத்தால் காய் இளகும். அதனால் நீரை 82 முதல் 85 டிகிரிக்குள் 30 நிமிடம் பிடித்து வைக்கும் முறை ஒன்று இருக்கிறது. அதற்கு நீரின் சூட்டைத் துல்லியமாகக் காட்டும் வெப்பமானி வேண்டும். சுவரில் மாட்டியிருக்கும் அறை வெப்பமானி அந்த வேலைக்கு ஆகாது. அது வாங்கும்வரை மூன்று ஜாடிகளும் குளிர்சாதனப் பெட்டியிலேயே இருக்கின்றன. இந்த வேகத்தில் தீர்ந்தால் வெப்பமானி தேவைப்படாது என்கிறார் அக்கா.